தொப்பிப் பாறையும் வெள்ளை ஷூவும்

காட்டில் வழி தவறியதற்காக நான் இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. இனியும் கேட்கப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்கிறவள் நான். பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால்கூட நான்தான் 'சாரிங்க' என்பேன். கண்டக்டரிடம் ஊர்ப் பேரைச் சொல்வதற்கு முன் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளும் ரகம். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் இத்தனை வருஷமாக விறைப்பாக நிற்கிறேன் என்றால் ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பிக் கேளுங்கள்.

ஐப்பசி வந்துவிட்டால் இப்போதெல்லாம் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் மலையேற வருகிறவர்கள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். முதுகில் பை, கையில் குச்சி, காலில் தடித்த ஷூ. மற்றவர்கள் அவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஷூவைப் பார்ப்பேன். பார்த்ததும் ஏழாம் வகுப்பும் யோகராணியும் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அப்பா அருவங்காட்டு ஃபேக்டரியில் கிளார்க். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக மேலே வந்தவர். குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுச் சுவரில் கடிகாரம் ஒன்று இருந்தது. அதை யாரும் பார்த்ததில்லை. ஃபேக்டரிச் சங்குதான் எங்களுக்குக் கடிகாரம். சங்கு ஊதினால் அப்பா சைக்கிளை எடுப்பார், சங்கு ஊதினால் அம்மா உலை வைப்பாள், சங்கு ஊதினால் நான் விளையாட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வரவேண்டும்.

யோகராணி மேலே தேயிலைத் தோட்டத்துப் பெண். அவளுடைய அப்பாவும் அம்மாவும் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் திரும்பி வந்தவர்கள். தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளை இங்கே எல்லோரும் லைன் வீடு என்பார்கள், அவள் லயம் என்பாள். அவர்களுக்கும் ஒரு சங்கு இருந்தது. தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் ஊதுவார்கள். கொழுந்து பறிக்கப் போவதும் திரும்பி வருவதும் அதன்படிதான். ஆக, நாங்கள் இரண்டு பேருமே சங்குச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள். எங்களைக் கவிழ்த்ததும் அதுதான்.

அவள் எப்படி எனக்குச் சிநேகிதியானாள் என்று சொல்வது சுலபம். வகுப்பில் என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. நான் பேசமாட்டேன் என்பதால் யாரும் அங்கே உட்காரவில்லை. அவள் வந்து உட்கார்ந்தாள். நான் பேசாததை அவள் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பேச நிறைய இடம் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு சயின்ஸ் மிஸ் வகுப்புக்கு வந்து, மழை விட்டிருக்கும் ஒரு சனிக்கிழமை பார்த்து எங்களையெல்லாம் தொப்பிப் பாறைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். தோட்டம் முடிந்து, சோலைக்காட்டுக்குள் ஏறி, அதற்கும் மேலே இருக்கும் மொட்டைப் பாறை அது. அதன்மேல் நின்றால் மேட்டுப்பாளையம் தெரியும், வானம் சுத்தமாக இருந்தால் அதற்கும் அந்தப் பக்கம் சமவெளி முழுக்கத் தெரியும் என்றார். வகுப்பே எழுந்து குதித்தது. சத்தம் அடங்கியதும் மிஸ் இன்னொன்றும் சொன்னார்.

"ஷூ இருக்கறவங்க மட்டும் வாங்க. செருப்புப் போட்டவங்க வரவேண்டாம். சோலைக்குள்ள அட்டை இருக்கும். கடிச்சுதுன்னா நான் பொறுப்பில்லை."

ஷூ இல்லாதவர்கள் பாதி வகுப்பு. அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். யோகராணி மட்டும் எழுந்தாள்.

"அட்டை என் காலைத்தானே மிஸ் கடிக்கும்?"

வகுப்பு சிரித்தது. மிஸ்ஸுக்கும் சிரிப்பு வந்து, அதை அடக்கியதால் கோபம் கூடிவிட்டது.

"வாயைப் பாரு. உக்காரு கீழ."

உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் பாதி வழியில் சொன்னாள்.

"எங்கம்மாவும் அப்பாவும் ராமேஸ்வரத்துல இறங்குனாங்களாம். ரயிலேறி, பஸ்ஸேறி நேரா மேல வந்துட்டாங்க. நான் பொறந்ததே இங்க லயத்துலதான். கீழ இறங்கினதே இல்லை புள்ள. வெயிலடிக்கிற ஊரு எப்படியிருக்கும்னு ஒரு வாட்டி பாக்கணும்."

நான் ஒவ்வொரு மே மாதமும் கோயமுத்தூர் போகிறவள். போய், வேர்க்கிறது, கொசு கடிக்கிறது என்று அழுது தீர்க்கிறவள். ஒருத்தி அந்த வேர்வை ஊரை மலைமேல் நின்றாவது ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறாள். அதற்கு ஷூ வேண்டுமாம். என்னிடம் ஷூ இருந்தது. பி.டி. பீரியடுக்கு வாங்கிய வெள்ளைத் துணி ஷூ. எனக்கு அந்தப் பாறை மேல் ஆசையே இல்லை. என்ன ஏற்பாடு இது என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"நாம முன்னாடியே போயிடலாம்" என்றேன்.

தெருக்குழாய் திடீரென்று பேசியது போல அவள் என்னைப் பார்த்தாள்.

"யாரு போறது?"

"நாம ரெண்டு பேரும். வர்ற சனிக்கிழமை. இவங்கெல்லாம் போறதுக்கு முன்னாடி."

"வழி தெரியுமா உனக்கு?"

"உனக்குத் தெரியுமில்ல?"

"வெறகு பொறுக்கப் போற வரைக்கும் தெரியும். அதுக்கு மேல தெரியாது."

"அதுக்கு மேல போய்ப் பாத்துக்கலாம்."

யோசனை என்னுடையது. கூப்பிட்டது நான். இதை நான் பின்னால் எத்தனையோ பேரிடம் எத்தனையோ முறை சொன்னேன். ஒருவர்கூட நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

சனிக்கிழமை காலையில் யோகராணி வீட்டில் வீட்டுப்பாடம் எழுதப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வெள்ளை ஷூவை மாட்டிக்கொண்டு, தீபாவளி முறுக்கில் மிச்சமிருந்ததைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு கிளம்பினேன். அவள் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்தாள். அவள் காலில் ரப்பர் செருப்பு. ஒன்றில் வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்தது.

முந்தின நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தேயிலைச் செடிகளெல்லாம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தன. லைன் வீடுகளுக்குப் பின்னாலிருந்து ஏறி, தோட்டத்தின் கடைசி வரிசையைத் தாண்டி, அவள் விறகு பொறுக்கும் கற்பூர மரங்களையும், அதாவது யூகலிப்டஸ் மரங்களையும், தாண்டினோம். அதுவரைக்கும் அவள் ராஜாங்கம். அங்கே பாம்பு பார்த்தது, இங்கே ஒருத்தன் வழுக்கி விழுந்து பல் போனது என்று ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு கதை வைத்திருந்தாள். கற்பூர வாசனை முடிந்து சோலைக்காட்டின் ஈர வாசனை தொடங்கிய இடத்தில் கதைகளும் முடிந்தன. ஒற்றையடிப் பாதை ஒன்று மேலே போனது. இதுதான் தொப்பிப் பாறைக்குப் போகும் பாதையாக இருக்கவேண்டும் என்று தீர்மானித்தோம். உண்மையிலேயே அதுதான் அந்தப் பாதை. நாங்கள் அதிலேயே போயிருந்தால் இந்தக் கதை இல்லை.

பாதையின் நடுவில் ஒரு காட்டெருமை நின்றது.

எங்கள் ஊரில் காட்டெருமையைப் பார்க்காத பிள்ளை கிடையாது. தோட்டத்தில் மேயும், ரோட்டைக் கடக்கும், குவார்ட்டர்ஸ் குப்பைத் தொட்டியையே எட்டிப் பார்க்கும். ஆனால் அப்போதெல்லாம் நமக்கும் அதற்கும் நடுவில் ஒரு வேலியோ ஒரு பஸ்ஸோ இருக்கும். இங்கே ஒன்றுமில்லை. அது எங்களைப் பார்த்து மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டது.

"ஓடாத. முதுகைக் காட்டாத. அப்படியே சைடுல வா" என்றாள் யோகராணி, உதடு அசையாமல்.

சைடில் போனோம். புதரைச் சுற்றி, ஒரு ஓடையைத் தாண்டி, பாறைகளுக்கு நடுவில் ஏறி, காட்டெருமைக்குப் பெரிய மரியாதை கொடுத்து மிக நீளமாகச் சுற்றினோம். திரும்பப் பாதைக்கு வந்து சேர்ந்தோம் என்று நினைத்த இடத்தில் பாதை இல்லை. பாதையைத் தேடிக்கொண்டிருந்தபோதே மூடுபனி இறங்கிவிட்டது. ஐப்பசிப் பனிக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. பக்கத்து மரம் தெரியும், அதற்கடுத்த மரம் தெரியாது. மேலே எது, கீழே எது என்பது காலுக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றோம். சம்பல் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

அப்போதுதான் சங்கு ஊதியது.

"எங்கப்பா ஃபேக்டரிச் சங்கு!" என்று நான் எழுந்துவிட்டேன்.

"போடி, அது எங்க தோட்டத்துச் சங்கு. கொழுந்து நிறுக்க ஊதுறாங்க."

"எங்க சங்குதான். நான் தெனமும் கேக்கறேன்."

"நான் மட்டும் என்ன ரேடியோவா கேக்கறேன்?"

அந்தக் காட்டுக்குள், அந்தக் குளிரில், சங்கு யாருடையது என்று நாங்கள் சண்டை போட்டோம். அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. இதோ, இந்தச் சரிவுக்குக் கீழே. யாருடைய சங்காக இருந்தாலும் சரி, சங்கு ஊதினால் வீடு இருக்கும். அப்படித்தான் எங்களுக்குத் தெரியும். சண்டையை நிறுத்தாமலே இறங்க ஆரம்பித்தோம்.

இறங்க இறங்கக் காடு அடர்ந்தது. மிஸ் சொன்ன அட்டைகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. மிஸ் சொல்லாதது ஒன்று இருந்தது. யோகராணியின் கால் திறந்து கிடந்தது. அட்டை ஏறும்போதே அவளுக்குத் தெரிந்தது. குனிவாள், விரலால் சுண்டிவிடுவாள், நடப்பாள். என் ஷூவுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. ஏதோ வழுவழுவென்றிருக்கிறதே என்று கழற்றிப் பார்த்தால் வெள்ளை சாக்ஸ் சிவப்பு சாக்ஸாகியிருந்தது. உள்ளே நுழைந்தவை நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. நான் போட்ட கூச்சலில் காட்டெருமை அடுத்த மலைக்கே போயிருக்கும். குதிகால் இரண்டும் வேறு உரிந்து தொங்கியது. வந்த கோபத்தில் ஒரு ஷூவைத் தூக்கிப் புதருக்குள் எறிந்தேன்.

யோகராணி என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு புதருக்குள் போய், முள்ளை விலக்கி, அந்த ஷூவை எடுத்து வந்தாள்.

"பைத்தியமா உனக்கு? ஷூவை எறியிறா!"

இரண்டு ஷூவின் கயிறுகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாலை மாதிரி மாட்டிக்கொண்டாள். தன் செருப்புகளைக் கழற்றி என் முன்னால் போட்டாள்.

"உனக்கு?"

"எனக்கு வெறுங்கால் பழக்கம். போடு. ஊக்கு இருக்கிற பக்கம் பாத்து வை."

அப்படித்தான் இறங்கினோம். ஒரு கட்டத்தில் காடு திடீரென்று முடிந்து தேயிலை தெரிந்தது. தேயிலையைப் பார்த்ததும் வீடு வந்ததாக நினைத்துச் சிரித்தோம். ஆனால் அந்தச் சரிவும் எங்களுடையதில்லை, எதிரே தெரிந்த மலையும் எங்களுடையதில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்ற ஒரு அக்கா எங்களைப் பார்த்து வாயில் கை வைத்தார்.

"அடியாத்தே, எந்த லைன் புள்ளைங்க நீங்க? எங்கிருந்து வர்றீங்க?"

சொன்னோம். மலையின் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. சங்குச் சத்தத்தைக் கேட்டு இறங்கினோம் என்றபோது அவர் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்க ஃபேக்டரி சங்குக்கா வந்தீங்க? எங்காளுங்களே அதுக்கு ஒழுங்கா வர்றதில்லையே!"

ஆக, அப்பாவுடைய சங்கும் இல்லை, யோகராணியுடைய சங்கும் இல்லை. இன்று யோகராணி திருப்பூரில் இருக்கிறாள், பேரன் எடுத்துவிட்டாள். போனில் பேசும்போது இந்தப் பேச்சு வந்தால், "என்ன இருந்தாலும் எங்க சங்கு மாதிரிதான் இருந்துச்சு" என்பாள். நான் ஒத்துக்கொள்வதில்லை.

அந்த அக்கா எங்களைத் தோட்டத்து ஆபீசுக்குக் கூட்டிப்போய், காலுக்கு உப்பு வைத்து, தேத்தண்ணீர் கொடுத்தார். ஆபீஸ்காரர் போன் செய்தார். வெளிச்சம் மங்குகிற நேரத்துக்கு ஒரு ஜீப் வந்தது. அப்பா இறங்கினார். பின்னாலேயே சயின்ஸ் மிஸ் இறங்கினார். நான் வீட்டுக்கு வரவில்லை என்றதும் அம்மா அவர் வீட்டுக்குத்தான் ஓடியிருக்கிறாள்.

அவர்கள் பார்த்தது இதுதான். ஃபேக்டரி கிளார்க்கின் மகள் காலெல்லாம் ரத்தம், ஊக்குக் குத்திய செருப்பு. லைன் வீட்டுப் பெண்ணின் கழுத்தில் வெள்ளை ஷூ.

மிஸ் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "பாருங்க சார். ஷூ இல்லேன்னா வராதேன்னு சொன்னேன். அதுக்கு என்ன பண்ணியிருக்கா பாருங்க. நல்ல ஷூவைப் பிடுங்கிட்டு அறுந்த செருப்பைக் குடுத்திருக்கா."

எதற்கும் பதில் வைத்திருக்கிறவள், அட்டை என் காலைத்தானே கடிக்கும் என்று கேட்ட யோகராணி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா அவள் கழுத்திலிருந்து ஷூவை எடுத்தார். அவர் கடுமையாக எடுக்கவில்லை. அதற்கு நான் சாட்சி. ஆனால் எடுத்தார்.

"அவ பிடுங்கலை!"

யாரோ கத்துகிறார்கள் என்று நானே திரும்பிப் பார்த்திருப்பேன். கத்தியது நான்தான்.

"நான்தான் தூக்கி எறிஞ்சேன். அவ முள்ளுக்குள்ள போயி எடுத்துட்டு வந்தா. செருப்பை அவளா குடுத்தா. பிடுங்கினவ கழுத்துல மாட்டிட்டா வருவா? கால்ல போட்டுக்க மாட்டாளா? அவ வெறுங்கால்ல நிக்கறா பாருங்க மிஸ்! காட்டுக்குக் கூப்பிட்டதும் நான்தான். என் யோசனைதான்!"

ஆபீஸ்காரர் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அந்த அக்கா எட்டிப் பார்த்தார். அவ்வளவு பேச்சை நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

அப்பா என் தலையில் கை வைத்தார். "சரி கண்ணு, சரி. பயந்து போயிருக்கே. ஊட்டுக்குப் போலாம் வா."

"பாவம், அந்தப் பிள்ளைக்கு இவ மேல அவ்வளவு பயம்" என்றார் மிஸ்.

காட்டுக்குள் தொலைந்தது வழி மட்டும்தான். நான் சொன்னது அத்தனையும் அந்த ஆபீஸ் வராந்தாவில்தான் தொலைந்தது.

வீட்டில் அம்மா என் காலை வெந்நீரில் கழுவிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்: "ஏனுங்க, அந்த லைன்காரப் புள்ளைய வேற பெஞ்சுல உக்கார வைக்கச் சொல்லுங்க. இவ வாயில்லாப் பூச்சி. இவளை எங்க வேணாலும் கூட்டிட்டுப் போயிருவா."

"நான்தான் அவளைக் கூட்டிட்டுப் போனேன்."

"காலை ஆட்டாத" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை வகுப்பில் எங்கள் இருவரையும் எழுப்பி, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார் மிஸ். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். யோகராணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மன்னிச்சுக்குங்க மிஸ்" என்றாள், தண்ணீர் குடித்துவிட்டு வரட்டுமா என்று கேட்பது போல. அவள் உட்காரலாம் என்றார் மிஸ். வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் கேட்கவில்லை. கேட்கிறவரை சயின்ஸ் பீரியடில் வெளியே நில் என்றார். நின்றேன். வராந்தாவில் பனி வந்து சட்டையெல்லாம் ஈரமாகும். எனக்கு அது நன்றாகவே இருந்தது. முதல் முறையாக நான் எதையோ செய்துகொண்டிருந்தேன்.

ஆனால் அவள்மேல் கோபம். அம்மா கூடாது என்றாலும் ஏற்றத்தில் இருவரும் சேர்ந்துதான் போனோம்.

"எதுக்குடி மன்னிப்புக் கேட்ட? நீ தப்பே பண்ணலையே?"

"பண்ணலைதான்."

"அப்புறம்?"

"வாய் வார்த்தைதானே புள்ள. சொன்னா வாய் புண்ணாயிடுமா? நான் அந்தப் பாறைக்குப் போகணும்."

"ஷூவுக்கு எங்க போவ?"

"பாப்போம்."

அவள் பார்ப்பதற்குள் நான் ஒன்று பார்த்து வைத்தேன். மலையேறும் சனிக்கிழமை வந்தது. அம்மா என் ஷூவைத் தேய்த்துக் கழுவி, வெள்ளை பூசி, கட்டிலுக்கடியில் காயவைத்திருந்தாள். புதிது போல இருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

கேட்டில் மிஸ் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என் காலைப் பார்த்தார்.

"ஷூ எங்க?"

"போடலைங்க மிஸ்."

"ஏன்?"

"அது காட்டுக்கு ஆகாதுங்க மிஸ். உள்ள அட்டை பூந்துக்கும்."

பக்கத்தில் நின்ற பி.டி. சார் இருமுவது போலத் திரும்பிக்கொண்டார். மிஸ் முகம் சிவந்தது. "அப்ப நீ போக வேண்டாம். கிளாஸ்ல போயி உக்காரு" என்றார். இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். யோகராணி போகாத இடத்துக்கு நானும் போகமாட்டேன். இரண்டு பேரும் பாதி காலியான வகுப்பில் உட்கார்ந்து முறுக்குத் தின்னலாம் என்று ஒரு காகித மடிப்பும் கொண்டு வந்திருந்தேன்.

அப்போது தெருவில் டொப்பு டொப்பு என்று ஒரு சத்தம் கேட்டது.

யோகராணி வந்துகொண்டிருந்தாள். தோட்டத்தில் செடிக்கு மருந்தடிக்கிற ஆட்களுக்குக் கொடுப்பார்களே, முழங்கால் வரைக்கும் ஏறும் கறுப்பு ரப்பர் கம்பூட்ஸ். அதைப் போட்டிருந்தாள். அவள் அப்பாவுடையது. அது அவளுக்கு முழங்காலையும் தாண்டியிருந்தது. உள்ளே பழைய துணியை அடைத்து, நழுவாமலிருக்கச் சணல் கயிற்றால் வெளியே கட்டியிருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் பூட்ஸ் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போனது. வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் யாரையும் பார்க்காமல் நேராக வந்து மிஸ் முன்னால் நின்றாள்.

"என்னடி இது?"

"ஷூ மிஸ்."

"இது ஷூவா?"

"ஷூவை விடப் பெருசு மிஸ். இதுல அட்டை ஏறாது."

மிஸ் குனிந்து பூட்ஸைப் பார்த்தார். பி.டி. சார்தான், "வரட்டும் விடுங்க மிஸ். நம்ம எல்லாரையும் விட அவதான் ஒழுங்கா வந்திருக்கா" என்றார்.

வரிசை கிளம்பியது. டொப்பு டொப்பென்று அவளும் போனாள். என் பக்கத்தில் வந்தபோது என் செருப்பைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எனக்காக நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

"நல்ல ஷூவை ஊட்டுல வச்சுட்டு வந்திருக்கா பாரு, லூசு" என்றாள், எங்கள் வீட்டுப் பேச்சிலேயே. சொல்லிவிட்டு ஏற்றத்தில் ஏறிவிட்டாள்.

பாதி காலியான வகுப்பில் ஷூ இல்லாத பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்கு முறுக்கைக் கொடுத்துவிட்டேன். யாருக்காக நான் மன்னிப்புக் கேட்காமல் பனியில் நின்றேனோ, யாருக்காகச் செருப்போடு வந்தேனோ, அவள் என்னை விட்டுவிட்டு அந்த மிஸ்ஸின் பின்னாலேயே போய்விட்டாள். இனி அவளோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். நான் பேசாமலிருந்தால் யாருக்கு வித்தியாசம் தெரியும் என்பது அப்போது தோன்றவில்லை. அன்றைக்கு அவள் அப்பா காலில் எதைப் போட்டுக்கொண்டு மருந்தடிக்கப் போயிருப்பார் என்பதும் தோன்றவில்லை.

சாயங்காலம் அவர்கள் இறங்கி வந்தார்கள். பாதிப் பேர் நொண்டிக்கொண்டு வந்தார்கள். வெள்ளை ஷூக்களெல்லாம் சேறு. சில பேர் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி அட்டையைத் தேடினார்கள். மிஸ்ஸும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று தேடினார். யோகராணி கடைசியாக வந்தாள். கம்பூட்ஸ் முழுக்கச் சேறு, முகம் முழுக்கச் சேறு. நேராக என்னிடம் வந்தாள். பேசுவதில்லை என்ற முடிவு எனக்கு மறந்துவிட்டது.

"பாத்தியா? கீழ எல்லாம் தெரிஞ்சுதா?"

"ம்ஹூம். ஒரே பனி. என் கையே எனக்குத் தெரியலை. ஒண்ணுமே தெரியலை புள்ள!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அந்தப் பெரிய பூட்ஸுக்குள் ஆடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றுமே தெரியாத பாறைக்குப் போய்விட்டு வந்தவள், வெயிலடிக்கிற ஊரைப் பார்க்காமலே வந்தவள், எதற்காக இப்படி ஜெயித்தவள் மாதிரி சிரிக்கிறாள் என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்புக்குள் என் கால் சுத்தமாக, காய்ந்துபோய் இருந்தது.

எனக்கு அன்று ஒன்றும் புரியவில்லை.